மூன்றாவது வெடி

போன ஐப்பசியில் எங்கள் பக்கத்து ரயில்பாதை கேங்கில் வேலை பார்க்கும் ஆட்கள் நாலு பேர் வீட்டுக்கு வந்தார்கள். கையில் டிரான்சிஸ்டர். புயல் எங்கே நிற்கிறது, எந்தப் பக்கம் திரும்பும், எப்போது கரை ஏறும், எல்லாம் அந்தப் பெட்டி சொன்னது.

"இது இல்லாத காலத்துல என்ன பண்ணுனீங்க அண்ணே?" என்று ஒருவர் கேட்டார்.

"பயந்துக்கிட்டு இருந்தோம்" என்றேன்.

சிரித்தார்கள். சிரிப்பதற்காக நான் அதைச் சொல்லவில்லை. அப்புறம் அவர்களே தங்கள் சங்கத்து மலருக்கு எழுதித் தரச் சொன்னார்கள். நான் மூன்றாம் வகுப்பு வரை படித்தவன். தெரிந்த மட்டும் எழுதுகிறேன்.

புதுக்கோட்டைக்கும் கீரனூருக்கும் நடுவே ரயில் பாதை போட்டுக் கொஞ்ச வருஷத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். அப்போது சமஸ்தானம். ஜல்லி அள்ளினேன், தண்டவாளக் கட்டைக்கு அடியில் ஜல்லி குத்தினேன், கை காய்த்தது. அதில் சொல்ல ஒன்றும் இல்லை. பிறகு மழைக்காலத்துக்குப் பாலக் காவல் போட்டார்கள். சொல்ல இருப்பது அதில்தான்.

என் பாலம் ஓர் ஓடையின் மேல் இருந்தது. வருஷத்தில் முக்கால்வாசி நாள் அந்த ஓடையில் ஆடுதான் மேயும். மேற்கே அரை மைலில் மருதங்குளம். ஊருக்கும் அதே பேர். குளம் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் கலிங்கு வழியாக வழிந்து, ஓடையில் இறங்கி, என் பாலத்தின் கீழே போகும். குளத்தின் கரை உடைந்தால் மொத்தத் தண்ணீரும் என் பாலத்தின் மேலே போகும். அதற்குத்தான் காவல்.

கலிங்கு என்றால் பல் வரிசை மாதிரி கருங்கல் நட்டிருக்கும் இடம். எங்கள் பக்கம் வானம் பார்த்த பூமி. வருகிற தண்ணீரில் ஒரு சொட்டுப் போனாலும் வயிறு எரியும். அதனால் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே பனங்கட்டையைக் கொடுத்து, வைக்கோலும் களிமண்ணும் திணித்து அடைத்துவிடுவார்கள். குளம் ஒரு முழம் கூடுதலாகத் தண்ணீர் பிடிக்கும். எல்லா ஊரிலும் இந்த வழக்கம் உண்டு. பெருமழைக்கு முன்னால் அந்த அடைப்பைப் பிடுங்கிவிட வேண்டும். மழை வந்து தண்ணீர் அழுத்தின பிறகு பிடுங்குவது ஆளை விழுங்குகிற வேலை.

மதராசிலிருந்து புயல் தந்தி ஸ்டேஷனுக்கு வரும். ஸ்டேஷன் மாஸ்டர் அதை எழுதி எங்கள் மேஸ்திரிக்கு அனுப்புவார். மேஸ்திரி ராமையா என்னைப் பாலத்தில் நிறுத்துவார். நான் மருதங்குளத்து ஊர்த்தலைவரான அம்பலக்காரரிடம் போய்ச் சொல்வேன். அவர் ஆள் விட்டு அடைப்பைப் பிடுங்குவார். இது எந்தப் புத்தகத்திலும் இல்லை. எங்கள் இன்ஸ்பெக்டர் அம்பலக்காரரைப் போய்ப் பார்த்து வாய்ப்பேச்சாகச் செய்துகொண்டது.

இன்ஸ்பெக்டர் பேர் சவரிமுத்து. ஆவூர்ப் பக்கத்து வேதக்காரர். டிராலியில் வருவார். ஒவ்வொரு பாலத்துக்கு முன்னாலும் நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்வார். ஓடை காய்ந்து கிடந்தாலும் போடுவார். சத்தம் போட்டுப் பேச மாட்டார். முதல் நாள் என்னைக் கேட்டார்.

"கருப்பையா, தண்ணியக் கண்டா பயமா இருக்கா?"

"இல்லீங்க."

"அப்ப ஜல்லி குத்தப் போ. பயம் இல்லாத ஆளு எனக்கு வேண்டாம்."

மேஸ்திரி என் விலாவில் இடித்தார். "பயமாத்தாங்க இருக்கு" என்றேன்.

"சரி. வண்டி வருது. தண்ணி தூணுல செவப்புக் கோட்டத் தொட்டிருச்சு. என்ன செய்வ?"

"செவப்புக் கொடிய எடுத்துக்கிட்டு வண்டிக்கு எதிர ஓடுவேங்க."

"அப்புறம்?"

"தண்டவாளத்துல பட்டாசு வைப்பேங்க. வரிசையா மூணு."

பட்டாசு என்று நாங்கள் சொன்னது டெட்டனேட்டரை. சின்னத் தகர டப்பி. இரண்டு பக்கமும் ஈயப் பட்டை இருக்கும். தண்டவாளத்தில் மாட்டிப் பட்டையை மடக்கிவிட்டால் எஞ்சின் சக்கரம் ஏறியதும் வெடிக்கும். மழையில் கொடி தெரியாவிட்டாலும் டிரைவர் காதுக்குத் தெரியும்.

"அப்புறம்?"

"வண்டி நின்னுரும். நானும் நிப்பேங்க."

"சும்மா நிப்பியா? தண்ணியப் பாக்கணும். என்ன மெதந்து வருதுன்னு பாக்கணும். வைக்கோலும் பனங்கட்டையும் வந்தா கலிங்கு தொறந்திருக்கு. வேரோட மரம் வந்தா, கூரை வந்தா, கரை போயிருச்சு. ரெண்டுக்கும் வேற வேற சோலி இருக்கு." போகும்போது திரும்பிச் சொன்னார்: "கோட்டுக்குத் தண்ணி வாறதுக்கு முந்தியே ஒனக்குப் பயம் வந்தா வண்டிய நிறுத்திரு. மேல நான் பதில் சொல்லிக்கிறேன்."

அப்படிச் சொல்லும் மேலதிகாரி எனக்கு அதற்குப் பிறகு அமையவில்லை.

யுத்தம் நடந்துகொண்டிருந்தது. ஒரு கார்த்திகையில் தந்தி வந்தது. அம்பலக்காரரிடம் சொன்னேன். அடைப்பைப் பிடுங்கினார்கள். தண்ணீர் போயிற்று. புயல் வரவில்லை. வடக்கே எங்கேயோ போய்விட்டது என்றார்கள். எங்களுக்குத் தூறல் மட்டும் விழுந்தது. தை மாதம் மருதங்குளத்து நெல் பால் பிடிக்கிற நேரத்தில் குளம் காய்ந்தது. கதிர் பதராகப் போயிற்று.

பெண்கள் பாலத்துக்கு வந்து ஏசினார்கள். "ஏப்பா ரயிலு, ஒந் தந்தியக் கரைச்சுக் குடிச்சா வயிறு ரொம்புமா?" என்று ஒருத்தி கேட்டாள். அன்றிலிருந்து எனக்குப் பேர் தந்தி.

அடுத்த வருஷம் குளம் பாதிகூட நிறையவில்லை. அதற்கும் அடுத்த வருஷம் ஐப்பசி நல்ல மழை. குளம் தளும்பியது. கார்த்திகை பிறந்ததும் மறுபடி தந்தி வந்தது.

காலையில் போனேன். அம்பலக்காரர் மாட்டுக்குத் தீவனம் வைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவர் தம்பி மகன் சோலை. கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகவில்லை. நல்ல உடம்பு. எப்போதும் கேலிதான்.

"பெரியப்பா, தந்தியண்ணன் வந்துட்டாரு. குடம் குடமா எடுத்து வைங்க, ஊத்தப் போவுது" என்றான்.

"ஐயா, தந்தி வந்திருக்குங்க" என்றேன்.

அம்பலக்காரர் நிமிரவில்லை. "போன தடவையும் வந்துச்சு."

"இன்ஸ்பெக்டரய்யா சொல்லிவிட்டாருங்க. அடைப்ப எடுத்திரணுமாம்."

"எடுத்துட்டு? இந்த வருசமும் பதரத் தூத்தவா? அப்பு, நான் ஒன்னய ஏசல. நீ சொல்ல வந்தவன். ஆனா ஊருக்காரனுக்கு நான் என்ன சொல்ல? மழ பேயட்டும். பேஞ்சா எடுக்குறேன்."

"பேஞ்ச பொறவு எடுக்க முடியாதுங்களே."

அவர் கையில் இருந்த வைக்கோலைப் போட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "அது எனக்குத் தெரியாதா?" என்றார். அதோடு பேச்சு முடிந்தது.

அவர் கெட்ட மனுஷர் இல்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

அன்று மத்தியானமே காற்று மாறியது. வாடைக்காற்று. மறுநாள் விடிந்தபோது விடிந்ததே தெரியவில்லை. சாக்கை மடித்துத் தலைக்குக் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு பாலத்தில் நின்றேன். மழை நேராக விழவில்லை, படுத்து வந்தது. பனைமரங்கள் ஒரே பக்கம் சாய்ந்து நின்றன. ஓடையில் தண்ணீர் ஏறியது. தூணில் கோட்டுக்கு இரண்டு முழம் கீழே நின்றது.

அப்புறம் தண்ணீர் இறங்கியது.

மழை விடவில்லை. கொஞ்சங்கூடக் குறையவில்லை. ஆனால் ஓடையில் தண்ணீர் வடிந்தது. தூணில் ஈரத் தடம் மேலே நின்றது, தண்ணீர் கீழே போயிற்று.

மேஸ்திரிக்குச் சந்தோஷம். "வடியுது கருப்பையா! ஒங் கருப்பசாமி கண்ணு தொறந்துட்டாரு. வா, சுருட்டு இருக்கா பாரு."

"மேஸ்திரி, வானத்துலேர்ந்து வாற தண்ணி எங்க போவுது?" என்றேன்.

அவர் சுருட்டைத் தேடுவதை நிறுத்தினார்.

தண்ணீர் போவதற்கு ஒரே ஓர் இடம்தான் உண்டு. குளம். அடைப்பின் மேலே வழிந்துகொண்டிருந்த கொஞ்சநஞ்சத் தண்ணீரையும் யாரோ நிறுத்திவிட்டார்கள். அடைப்பை உயர்த்தியிருக்கிறார்கள். வழிகிற தண்ணீரைப் பார்க்கப் பொறுக்காமல் யாரோ செய்தது. யார் என்று கடைசிவரை தெரியவில்லை.

மேஸ்திரியைப் பாலத்தில் நிறுத்திவிட்டுக் குளத்துக்கு ஓடினேன்.

கரை மேல் ஊரே நின்றது. பெண்கள் மண் கூடை சுமந்துகொண்டிருந்தார்கள். குளத்தில் தண்ணீர் கரையின் விளிம்பில் அலை அடித்தது. எலியும் பூரானும் கரை உச்சியில் ஆட்களின் கால்களுக்கு நடுவே ஓடின. ஒருவரும் அடிக்கவில்லை. நான் கரையின் வெளிச்சரிவில் இறங்கிப் பார்த்தேன். கரைக்கு அடியில் கசிவு இருந்தது. எந்தக் கரையிலும் கசிவு இருக்கும். தெளிந்து வந்தால் பயமில்லை. இது சிவப்பாக, மண் கரைத்துக்கொண்டு வந்தது. உள்ளே கரையைத் தண்ணீர் தின்றுகொண்டிருந்தது என்று அர்த்தம். கீழே ஊரின் கூரைகள் தெரிந்தன.

மேலே ஏறினேன். அம்பலக்காரர் கலிங்கோரம் நின்றார். இடுப்பில் கயிறு கட்டிய சோலை பக்கத்தில் நின்றான். கயிற்றின் மறு நுனியைப் புளியமரத்தில் சுற்றி நாலைந்து பேர் பிடித்திருந்தார்கள்.

"ஐயா, கசிவு கலங்கி வருதுங்க."

"பாத்தேன். அடைப்ப வெட்டிவிடத்தான் நிக்கிறோம். வண்டி எப்ப?"

"திருச்சி வண்டி புதுக்கோட்டையிலேர்ந்து கெளம்பிருக்கும். வார நேரந்தாங்க."

"இப்ப நான் வெட்டிவிட்டா ஒம் பாலம் தாங்குமா?"

"தெரியலைங்க."

"வெட்டலேன்னா இந்தக் கரை தாங்குமா?"

"அதுவும் தெரியலைங்க."

அவர் குளத்தைப் பார்த்தார், கிழக்கே மழைக்குள் பார்த்தார். அங்கே ஒன்றும் தெரியவில்லை. "வண்டி பாலத்து மேல இருக்கையில நான் வெட்டி, அது ஆளோட போச்சுன்னா அந்தப் பாவத்த எங்க கொண்டு தொலைக்கிறது? நீ போயி வண்டிய நிறுத்து. நின்னுருச்சுன்னு தெரிஞ்சாத்தான் வெட்டுவேன். எனக்கு எப்படித் தெரியும்?"

"பட்டாசு வெடிக்குங்க. காத்து இங்கிட்டுத்தான் அடிக்குது, நல்லாக் கேக்கும். மூணு வெடி. மூணு கேட்டா வண்டி நின்னுருச்சு."

"மூணு."

"மூணுங்க."

"வெரசாப் போங்க தந்தியண்ணே" என்றான் சோலை. "இங்க குளுரு தாங்கல."

ஓடினேன். வரப்பு தெரியவில்லை. இரண்டு இடத்தில் விழுந்தேன். எப்போதும் கூடவே இருக்கும் பட்டாசு டப்பாவை மட்டும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தேன். பாலத்தருகே மேஸ்திரியிடம் கொடியை வாங்கிக்கொண்டு, "நிறுத்தப் போறேன்" என்று கத்திவிட்டுப் புதுக்கோட்டைப் பக்கமாகத் தண்டவாளத்தில் ஓடினேன். பாலத்தில் தண்ணீர் கோட்டுக்கு வெகு கீழே. சட்டப்படி வண்டியை நிறுத்த எனக்கு ஒரு காரணமும் இல்லை. அதையும் நினைத்துக்கொண்டுதான் ஓடினேன்.

போகவேண்டிய தூரம் போய் உட்கார்ந்து மாட்டினேன். விரல் விறைத்துப் போயிருந்தது, ஈயப் பட்டை மடங்கவில்லை. பல்லால் கடித்து மடக்கினேன். மூன்றாவதை மாட்டும்போது தண்டவாளம் கையில் அதிர்ந்தது. இறங்கி ஒதுங்கிச் சிவப்புக் கொடியைப் பிடித்தேன். மழைக்குள்ளிருந்து எஞ்சின் வந்தது.

ஒரு வெடி. அடுத்த வெடி.

மூன்றாவது வெடிக்கவில்லை.

சக்கரம் அதன் மேல் ஏறிப் போயிற்று. சத்தமே இல்லை. வண்டி கிறீச்சிட்டு என்னைத் தாண்டி நின்றது. பெட்டி நிறைய ஜனம். ஜன்னல் பலகையை உயர்த்தி எட்டிப் பார்த்தார்கள்.

நான் எஞ்சினுக்கு ஓடினேன். "டிரைவரய்யா, இன்னொரு பட்டாசு வைக்கிறேன். ஒரு சக்கரத் தூரம் நகத்துங்க."

டிரைவர் திருச்சிக்காரர், வயசாளி. "ஏய்யா, வண்டிதான் நின்னுருச்சே, இன்னும் எதுக்கு வெடி? தீபாவளி முடிஞ்சு போச்சுய்யா" என்றார்.

"குளத்துல ஆள் நிக்குதுங்க. மூணு கேட்டாத்தான் கலிங்கத் தொறப்பாங்க. ரெண்டுதான் வெடிச்சிருக்கு. கரை போயிரும்."

அவர் முகம் மாறியது. "வையி" என்றார். ஆனால் வண்டியை நகர்த்தவில்லை. சிவப்புக் கொடிக்கு நின்ற வண்டியைக் கார்டு வராமல் நகர்த்தக் கூடாது. அது விதி. நல்ல விதிதான். எஞ்சின் விசிலை விட்டு விட்டு ஊதிக் கார்டைக் கூப்பிட்டார். கடைசிப் பெட்டியிலிருந்து கார்டு குடையைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். காற்றில் குடை திரும்பிக்கொண்டது. அதை மடக்க நின்றார். அவர் நடந்துவந்து சேரும்வரை நான் எஞ்சின் சக்கரத்துக்கு முன்னால் பட்டாசை மாட்டிவிட்டு உட்கார்ந்திருந்தேன். மேஸ்திரியும் வந்து சேர்ந்தார். அவரைக் குளத்துக்கு ஓடச் சொன்னேன். வயல் முழுக்கத் தண்ணீர். இடுப்பளவில் அவர் தத்தளித்துப் போவதைப் பார்த்தேன். அவர் பாதி தூரங்கூடப் போகமாட்டார் என்று தெரிந்தது.

கார்டு வந்து என்னைக் கேட்டார், டிரைவரைக் கேட்டார். கையைக் காட்டினார். எஞ்சின் ஒரு முழம் நகர்ந்தது.

வெடித்தது.

அதற்குப் பிறகு பாலத்துக்குப் போய் நின்றேன். தண்ணீரைப் பார்த்தேன். வண்டியில் ஒரு குழந்தை அழுதுகொண்டிருந்தது. கோர்ட்டு வாய்தாவுக்குப் போகிறவர் ஒருவர் கார்டைச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். எனக்குக் காது மட்டும் மேற்கே இருந்தது. முதலில் இரைச்சல் கேட்டது. எந்தத் தண்ணீர் வருகிறது என்று தெரியவில்லை. கலிங்குத் தண்ணீரா, கரை உடைந்த தண்ணீரா. நுரை வந்தது. ஓடை ஒரே மூச்சில் உயர்ந்தது. கோட்டைத் தொட்டது, கோட்டை முழுங்கியது. காலுக்கடியில் பாலம் நடுங்கியது.

வைக்கோல் வந்தது. கட்டுக் கட்டாக வந்தது. பின்னாலேயே பனங்கட்டை ஒன்று சுழன்று வந்து தூணில் மோதியது. அப்புறம் இரண்டு. மரம் வரவில்லை. கூரை வரவில்லை. நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

வெகு நேரம் கழித்துக் கயிறு ஒன்று வந்தது. அறுந்துபோன நீளமான கயிறு. அது எங்கே கட்டியிருந்த கயிறு என்று எனக்குத் தெரியும்.

கரை நின்றது. ஊர் நின்றது. பாலம் நின்றது. வண்டி சாயங்காலம் பாலத்தை ஊர்ந்து கடந்தது. சோலையை மறுநாள் தாழம்புதரில் எடுத்தார்கள்.

இன்ஸ்பெக்டர் டிராலியில் வந்தார். நடந்ததை முழுக்கச் சொல்லவைத்தார். வெடிக்காத பட்டாசைத் தண்டவாளத்திலிருந்து கழற்றி, தன் கைக்குட்டையில் சுற்றி எடுத்துப்போனார். அந்த மாதத்துக்குள் அவர் பகுதியில் இருந்த பழைய டப்பா எல்லாவற்றையும் மாற்றினார். விதியில் மூன்று என்றுதான் இருந்தது. நாங்கள் ஐந்து வைத்தோம். அவர் பார்த்தும் ஒன்றும் சொல்லவில்லை.

சோலைக்குக் கருமாதி முடிந்த பிறகு அம்பலக்காரர் பாலத்துக்கு வந்தார். மொட்டைத் தலை. நான் எழுந்து நின்றேன். ஏசட்டும் என்று நின்றேன்.

"ரெண்டு கேட்டுச்சு" என்றார். "பய அப்பவே எறங்குறேன்னான். நாந்தான் மூணு கேக்கட்டும்டான்னு கையப் புடிச்சிருந்தேன். அதுக்குள்ள தண்ணி ஏறிருச்சு. மொதல்லயே எறங்கியிருந்தா காலு கல்லுல எட்டியிருக்கும். மூணாவது கேட்டு எறங்கயில எட்டல."

"மூணாவது வெடிக்கலைங்க. பெறவு வேற வச்சு வெடிக்க வச்சோம்."

"ஏன் வெடிக்கல?"

"உள்ள ஈரம் போயிருந்துச்சுன்னு சொன்னாங்க."

"வைக்கயில ஒனக்குத் தெரியலயா?"

"வெளியிலேர்ந்து பாத்தா எல்லாம் ஒண்ணு போலத்தாங்க இருக்கும்."

அவர் கையை நீட்டினார். டப்பாவைத் திறந்து ஒன்றை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். திருப்பிப் பார்த்தார். ஈயப் பட்டையை விரலால் தடவினார். காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்தார்.

"இம்புட்டுத்தானா?" என்றார்.

"இம்புட்டுத்தாங்க."

திருப்பிக் கொடுத்துவிட்டு, வரப்பில் இறங்கிக் குளத்துப் பக்கம் நடந்தார்.